கோபப்பட உனக்கு உரிமை உண்டு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நம்பிச் சொன்ன ரகசியத்தை உன் தோழி ஊருக்கே சொல்லிவிட்டாள், ஆனாலும் அவள்மேல் கோபமில்லை என்கிறாய். அவளுடைய மூளையும் வளர்ப்பும் அப்படி, அவளால் வேறு மாதிரி நடந்திருக்கவே முடியாது, ஆகவே அவள்மேல் குற்றமில்லை என்று எழுதியிருக்கிறாய். முதல் பாதி உண்மையாகவே இருக்கலாம். முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

நீ காட்டும் ஆதாரம் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட சோதனை. அதில் கலந்துகொண்டவர்கள் தங்களுக்குத் தோன்றும்போது கையை அசைக்கலாம், அப்படித் தோன்றிய கணத்தைக் கடிகாரத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். அசைவுக்குச் சுமார் 200 மில்லி வினாடி முன்புதான் எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். மூளையின் மின்னலையோ சுமார் 550 மில்லி வினாடி முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. நாம் நினைக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்பதற்கு இதைக் காட்டுகிறாய். வியப்பான விஷயம்தான். ஆனால் சும்மா கையை அசைப்பது எங்கே, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது எங்கே? அந்த ஏற்றம் மூளை எடுத்த முடிவே அல்ல, மூளையில் தற்செயலாக எழுந்து தாழும் அலைகள் சேர்ந்து ஓர் எல்லையைத் தொடுவதாக இருக்கலாம் என்று 2012-இல் ஆரோன் ஷுர்கரும் உடன் ஆய்ந்தவர்களும் வாதிட்டார்கள்.

சரி, எல்லாமே முன்காரணங்களால்தான் நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கழுத்தில் கத்தியை வைத்து மிரட்டியதால் ஒருத்தி ரகசியத்தைச் சொல்வதற்கும் காரணம் உண்டு, நாலு பேர் நடுவில் மதிப்புக் கிடைக்குமே என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. இரண்டும் ஒன்றாகிவிடுமா? நீ அங்கே இருந்திருந்தால் உன் தோழி வாயைத் திறந்திருக்க மாட்டாள். எது தப்பு என்று அவளுக்குத் தெரியும், அதற்கேற்ப அடங்கவும் தெரியும். பொறுப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

தன் குணத்தை அடியிலிருந்து தானே படைத்துக்கொண்டவர் யாருமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆகவே அவள் துன்பப்பட வேண்டும் என்று ஒருநாளும் நினைக்காதே. கோபம் வேறு. நன்றியும் மனத்தாங்கலும் மன்னிப்பும் ஒருவரை மனிதராக எண்ணிப் பழகுவதோடு பிறந்தவை என்று 1962-இல் தத்துவ அறிஞர் பீட்டர் ஸ்ட்ராசன் சொன்னதை நான் முழுமனதோடு நம்புகிறேன். கோபத்துக்கே ஆளாக முடியாதவள் என்று ஒருத்தியை ஒதுக்கிவிட்டால், அவளைச் சமாளிக்கலாம், வைத்தியம் பார்க்கலாம். சண்டை போட முடியாது, சிநேகமாகவும் இருக்க முடியாது. மன்னிக்கவும் முடியாது, மன்னிக்க அங்கே எதுவும் இல்லையே!

ஏன் இப்படிச் செய்தாய் என்று அவளிடம் நேராகக் கேள். அவள் சொல்லும் காரணத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொள். அப்புறமும் மன்னிக்கத் தோன்றினால் மன்னித்துவிடு கண்ணு. என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அம்மா