கையெழுத்துப் போட்டுவிடாதே மக்கா

ஆரல்வாய்மொழி,
மாசி 12

அன்புள்ள மக்கா,

தீபாவளிக்குப் பிறகு நான் எழுதவே இல்லை. கோபப்படாதே. அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. சின்னவள் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறாள். டீக்கடை அண்ணாச்சி உன் வேட்டிக் கதையை இப்போதும் புது ஆளுக்கெல்லாம் சொல்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னை ஒரு புரோக்கர் கூப்பிடுவார். முப்பந்தலில் நம் இரண்டு வீட்டுக்கும் மிஞ்சியிருக்கிற துண்டு நிலத்தை விற்க மஸ்கட்டிலிருந்தே பவர் பத்திரம் அனுப்பச் சொல்வார். என்னிடம் பேசாமல் அனுப்பிவிடாதே.

அப்பா விற்ற நிலத்தில் நின்ற காற்றாலைக் காத்தாடியைப் போன வாரம் கழற்றிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். ஓர் இறக்கை உடைமரத்தின் கீழே கிடந்தது. காலால் அளந்தேன், 18 எட்டு வைக்க வேண்டியிருந்தது. நுனி வெடித்து, உள்ளே நார் நாராகத் தெரிந்தது. அதன்மேல் ஓர் ஆடு ஏறி நின்று உடைங்காய் தின்றுகொண்டிருந்தது. முப்பது வருஷமாக நாம் அண்ணாந்து பார்த்த சாமான், கேட்டியா.

அது 225 கிலோவாட். இனி வருவது 2 மெகாவாட்டுக்கு மேல். அந்த மாதிரி எட்டு ஒன்பது பழசு செய்ததை ஒன்றே செய்துவிடும். பழையதை மாற்ற அரசு 2024-இல் தனிக் கொள்கையே கொண்டுவந்துவிட்டது. அதில் எனக்குக் குறையே இல்லை. நம் கணவாய்க்காற்றை நல்ல இயந்திரம் பிடிக்கட்டும். ஆனால் புது இறக்கை ஒன்றே 60 மீட்டருக்கு மேல். அதை ஏற்றிவரும் லாரி திரும்ப அகலமான பாதை வேண்டும். ரோட்டுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் இருப்பது என் 80 சென்டும் உன் 60 சென்டும்தான். வைகாசியில் காற்று கிளம்பிவிட்டால் கிரேன் தூக்க முடியாது, அதனால்தான் இந்த அவசரம்.

1994-இல் அப்பா ஏக்கர் 15,000-க்குக் கொடுத்தார். மழை பார்த்துக் கிடந்த பூமி, அக்கா கல்யாணம் வேறு. அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அன்றைக்கு வாங்கியவர்களுக்கு, காத்தாடி போட்ட முதல் வருஷமே அதன் விலை முழுவதையும் தேய்மானமாகக் காட்டி, வரி போடும் வருமானத்தில் கழிக்கச் சலுகை இருந்தது. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து மில்களெல்லாம் இங்கே வந்து நட்டது அதனாலும்தான். காற்று இங்கே அடித்தது, கரண்ட் பில் அங்கே குறைந்தது. இதை அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை.

ஊருக்கு ஒன்றும் வரவில்லை என்று சொன்னால் பாவம். என் தம்பி ஐ.டி.ஐ. முடித்துக் காத்தாடிக் கோபுரம் ஏறி வேலை பார்த்துத்தான் வீடு கட்டினான். வாட்ச்மேன் வேலை, ஜீப் ஓட்டம், அண்ணாச்சி கடை வியாபாரம் எல்லாம் அதில் வந்ததுதான். இப்போது பத்து காத்தாடி இருந்த இடத்தில் ஒன்று நின்றால் எத்தனை வாட்ச்மேன் வேண்டும்? எங்கோ உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வார்கள். தம்பிக்கு 44 வயது. மேலே ஏறினால் மூட்டு பிடிக்கிறது என்கிறான், கீழே என்ன வேலை தருவார்கள் என்று அவனுக்கே தெரியவில்லை. ராத்திரி அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை மக்கா.

அதனால் கிரயம் வேண்டாம், குத்தகை. வருஷ வாடகை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உயர்வு, பழைய கான்கிரீட் அடித்தளத்தைத் தோண்டி எடுப்பது, இவ்வளவும் பத்திரத்தில் வர வேண்டும். நாகர்கோவில் வக்கீல் எழுதித் தருகிறேன் என்றார். நான் தனியாகக் கேட்டால் உன் துண்டு வழியே பாதையைத் திருப்பிவிடுவார்கள். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் பேச்சு நடக்கும்.

உனக்குப் பணமுடை இருக்கிறது என்றால் மறைக்காமல் சொல், வேறு வழி பார்ப்போம். புரோக்கர் புதன்கிழமை திரும்ப வருகிறார். ஞாயிறு ராத்திரி உன் நேரம் எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், போனை எடு. உன் அப்பாவின் பழைய பட்டா நகல் இருந்தால் அதற்குள் தேடி வை.

உன்
மக்கா