இரண்டாம் பருவ நிறைவும் நூலகப் புத்தகங்களும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. கோ-கோ அணி பரிசு வாங்கியது, அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது, தேர்வு முடிவுகளும் திருப்தி. ஒத்துழைத்த எல்லோருக்கும் நன்றி.

அப்புறம், ஐந்தாம் வகுப்பு வாசிப்பு வேளையில் படிக்கும் கிரேக்கப் புராணக் கதைகள் பற்றி.

‘நம்மிடம் இல்லாத கதையா சார்?’ என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நம் கதைகள் தெரிந்த பிள்ளைகள் என்பதால்தான் இவையும் சட்டென்று பிடிபடுகின்றன. கிரேக்கக் கடவுள்களின் பழைய அரசன் குரோனோஸ் தன் குழந்தைகளை ஒவ்வொன்றாக விழுங்கும் இடம் வந்ததுமே, ‘இவன் கம்சன் மாதிரி’ என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. பிறக்கப்போகும் ஒரு குழந்தைக்குப் பயந்தவர்கள்தானே இருவரும்!

இன்னும் சிலருக்கு, கதைகள் கொடூரமாக இருக்கின்றன என்ற கவலை. மூலத்தில் உள்ளதையெல்லாம் நாங்கள் வாசிப்பதில்லை. பிள்ளைகளுக்காகத் திருப்பிச் சொல்பவர்கள் எப்போதுமே கூட்டிக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் பெற்ற அரசன் மைதாஸ் தொட்டதும் அவன் மகள் பொன்னாகிப்போவது ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதையில் கிடையாது. 1851-ல் அமெரிக்க எழுத்தாளர் ஹாதோர்ன் சிறுவர்களுக்காக எழுதியபோது சேர்த்தது.

போன வாரம் நூலகத்துக்குத் திரும்பிய ஒரு புத்தகத்தில், குரோனோஸ் விழுங்கும் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. அடித்தவர் அடுத்த பக்கத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது. குழந்தைக்குப் பதில் ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்து, கடைசிக் குழந்தை ஸீயஸைத் தாய் ரேயா காப்பாற்றுவது அங்கேதான். பயத்தைத் தெளியவைக்கும் பக்கமே பூட்டிக்கிடந்தது.

தயவுசெய்து கவனியுங்கள். நூலகப் புத்தகத்தில் பின் அடிப்பது, பேனாவால் அடிப்பது, பக்கம் கிழிப்பது இனி வேண்டாம். கெட்டுப்போன புத்தகத்துக்குப் பதில் புதிது வாங்கித் தர வேண்டியிருக்கும். வகுப்பாசிரியரைப் பள்ளி வாசலில் நிறுத்திச் சத்தம் போடுவதையும், வாட்ஸ்அப் குழுவில் அவரைக் கிண்டல் செய்வதையும் ஏற்க முடியாது. கதைகள் என் ஒப்புதலோடுதான் தேர்வாகின்றன. கோபம் இருந்தால் என் அறைக்கு வாருங்கள்.

ஒரு கதை உங்கள் பிள்ளைக்கு ஒத்துவராது என்று தோன்றினால் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், போதும். வேறு புத்தகம் தருவோம். காரணம் கேட்க மாட்டோம்.

பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களும் படிக்கிறீர்கள். பாதாளத்தில் மாதுளை முத்துகளைத் தின்றதால் ஆண்டுதோறும் சில மாதம் அங்கேயே தங்க நேர்ந்த பெர்செஃபோனியின் கதைக்குப் பிறகு மாதுளையைத் தொட மறுத்த பிள்ளைகளைச் சமாதானப்படுத்தி மறுபடி சாப்பிட வைத்த அம்மாக்களுக்குத் தனி நன்றி. அடுத்த பருவம், போர் முடிந்து கடல் வழியாக வீடு திரும்பும் கிரேக்க வீரன் ஒடிஸியஸின் பயணம். வாசிக்க இருக்கும் புத்தகங்கள் என் மேசையில்தான் இருக்கின்றன. பள்ளி திறந்ததும் மாலை வேளைகளில் யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்