இரண்டு முறையும் தவறான ஷாஃப்ட் சீல்: உதிரிபாகப் பிரிவுக்குப் புகார்

பெறுநர்: மேலாளர், உதிரிபாகப் பிரிவு

பொருள்: ஸ்கிட் லோடர் (முன்னால் பக்கெட் வைத்து அள்ளும் சிறிய வண்டி), இடது பக்கச் சக்கரங்களை ஓட்டும் ஹைட்ராலிக் டிரைவ் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்)

ஐயா,

வணக்கம். இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் புகார் எண்தான் வந்தது, பதில் வரவில்லை.

வண்டி திருப்பாலைக்குடி உப்பளத்தில் உப்பு அள்ளுகிறது. பழைய வண்டிதான், பழுது பார்ப்பதும் வீட்டு ஷெட்டில்தான். ஆனால் அதற்கான பாகங்களை இன்றும் காசு வாங்கிக்கொண்டு விற்பது நீங்கள்.

ஹைட்ராலிக் டேங்கில் நாளுக்கு 2 லிட்டர் குறைகிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை. சமதரையில் நிறுத்தி செயின் கேஸ் (சக்கரங்களைச் சுற்றும் செயின் இருக்கும் பெட்டி) லெவல் பிளக்கைக் கழற்றினால் ஆயில் கொட்டுகிறது. மோட்டார் ஷாஃப்ட் சீல் போய் ஆயில் செயின் கேஸுக்குள் இறங்குகிறது. உங்கள் வண்டி, உங்களுக்குத் தெரியாததா?

உங்களிடம் வாங்கி மாட்டிய முதல் சீல் 6 மணி நேரம் ஓடியது, இரண்டாவது 4 மணி நேரம். மாட்டியதில் குறையில்லை. ஷாஃப்ட்டில் நகம் மாட்டும் அளவுக்குக்கூடப் பள்ளம் இல்லை. ஷாஃப்ட் பல்லில் டேப் சுற்றி, சீலின் உதட்டில் (ஷாஃப்ட்டைத் தொடும் ரப்பர் விளிம்பு) ஆயில் தடவி, கோணாமல் அழுத்தி இறக்கினோம். கழற்றிப் பார்த்தால் உதடு தேயவே இல்லை, வெளிப்பக்கம் பிரண்டு கிடக்கிறது. பிரஷர் தாங்காத சீல்தான் அப்படிப் பிரளும்.

இதைச் சொன்னதற்கு உங்கள் சர்வீஸ் ஆள் போனில் சொன்ன பதில்: "உப்புக்காத்துல ஓட்டுனா அப்படித்தான் ஆகும். பேசாம பழைய இரும்புக்குப் போட்டுருங்க." இதுதான் வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சா? உப்பு கனெக்டரைத் தின்னும், ரேடியேட்டரைத் தின்னும், பூம் (பக்கெட்டைத் தூக்கும் கை) சிலிண்டர் ராடில் புள்ளி விழ வைக்கும். செயின் கேஸுக்குள் ஆயிலில் ஊறிக் கிடக்கும் சீலை உப்புக்காற்று எப்படித் தொடும்? அடுத்து, "கேஸ் டிரெயின் லைன் அடைச்சிருக்கும்" என்றார், அதாவது மோட்டாருக்குள் கசியும் ஆயிலை டேங்குக்குத் திருப்பும் குழாய். டி ஜாயின்ட் போட்டு கேஜ் மாட்டிப் பார்த்தாயிற்று, பிரஷர் 2 பார்தான். அடைப்பு இல்லை. நீங்கள் கொடுத்தது சாதாரண ஆயில் சீல், 0.3 பாருக்கு மேல் தாங்காது. இங்கே வேண்டியது பிரஷர் சீல். ஒரே அளவில் இரண்டும் கிடைக்கும், வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. கவர் மட்டும் உங்கள் கம்பெனி கவர்!

மதுரைக்கு வரச் சொன்னீர்கள். மோட்டாரை வண்டியில் ஏற்றி பரமக்குடி, மானாமதுரை வழியாக 130 கிலோமீட்டருக்கு மேல் வந்தால், ஸ்டாக் எடுக்கிறோம், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். மோட்டாரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதல் நாள் போனில் கேட்டபோது இதைச் சொல்ல வாய் வரவில்லையா?

ஒவ்வொரு முறையும் பூமைத் தூக்கி லாக் போட்டு, வீல் கழற்றி, ஹோஸுக்கு மூடி போட்டு, செயின் கேஸை முழுக்க வடித்துக் கழுவ ஒன்றரை நாள். இந்த வருஷ உப்பு சீசனே உங்களால் நாசம்.

தயவுசெய்து சீரியல் எண்ணைப் பாகப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, சரியான பிரஷர் சீல் ஒன்றும் வீணான ஆயிலுக்கான தொகையும் 7 நாளில் அனுப்புங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார், அடுத்து ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொழிலுக்கு வாங்கியது என்று தப்பிக்க முடியாது. சுயதொழில் செய்து பிழைப்பவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான்.

பிரண்ட சீல் இரண்டும் பில்லோடு பத்திரமாக இருக்கின்றன. மோட்டார் ஷாஃப்ட்டை கிரீஸ் பூசித் துணி சுற்றி வைத்திருக்கிறோம். துருப்பிடித்தால் அந்தச் செலவும் உங்கள் கணக்கில்தான்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், திருப்பாலைக்குடி