கிளார்க் சும்மா இல்லை, இலை எடை போடுகிறார்

நீலகிரி தேயிலைத் தொழிற்சாலை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர்கள் எழுதுகிறோம். ஊழியர்களைக் கண்காணிக்கும் மென்பொருள் வேண்டும் என்று பலரும் கேட்கிறீர்கள். கண்காணிக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் போட்டதைப் போட்டபடி விட்டால் அது காட்டும் கணக்கும் தப்பு, சேர்த்து வைப்பதும் வம்பு.

மவுஸ், கீபோர்டு 5 நிமிடம் அசையாவிட்டால் ‘வேலை இல்லை’ என்று பதிவாகும்படி பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். பசுந்தேயிலை வண்டி வந்ததும் கிளார்க் எழுந்து போய், மூட்டை மூட்டையாக எடை குறித்து, ஈரத்துக்குக் கழித்து, சீட்டு எழுதிக் கொடுத்துத் திரும்புவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அத்தனையும் சோம்பல் கணக்கில்தான் ஏறும்! அந்த 5-ஐ 60 ஆக்குங்கள்.

ஆடி மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் 600 விஏ யூபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். மதர்போர்டில் காசு அளவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியும் தீர்ந்திருந்தால், கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பழைய வருடத்தில் கண் விழிக்கும். நெட்டும் இல்லையென்றால் தேதி சரியாகாது. அன்று செய்த வேலையெல்லாம் அந்தப் பழைய தேதியில் போய் உட்காரும்; இன்றைய பக்கம் காலி. ஆளை விசாரிக்கும் முன் பேட்டரியைப் பாருங்கள். நூறு ரூபாய்கூட ஆகாது.

அடுத்தது ஸ்கிரீன்ஷாட். 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 8 மணி நேரத்தில் 96 படம். ஒன்று 250 கேபி என்று வைத்தால், பத்துக் கம்ப்யூட்டருக்கு 25 நாளில் 6 ஜிபி. யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் இலைப் பணம் போடும் நாளில் எடுத்த படங்களில் சிறு விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் வரிசையாக இருக்கும். தட்டும் எழுத்தையெல்லாம் பதியும் கீலாகர் இன்னும் மோசம்: அந்த மெஷினில் நீங்களே அடித்த நெட்பேங்கிங் பாஸ்வேர்டும் அதில் சிக்கும்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பாகவும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் தரவைச் சம்மதம் கேட்காமலே கையாள இடம் தருகிறது. ஆனால் விவசாயி உங்கள் ஊழியர் இல்லையே, அவர் தரவுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. சேர்த்த தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, படிப்படியாக அமலாகின்றன.

ஆகவே கீலாகர், மைக், கேமரா மூன்றையும் அணைத்துவிடுங்கள். வங்கித் தளத்தையும் பட்டுவாடா கணக்கையும் படம் எடுக்காத பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பதிவுகளைத் தேவைக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். எதைப் பதிகிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி ஊழியர்களிடம் கொடுங்கள். கோயம்புத்தூரில் இருந்தபடி மொபைலில் பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிடச் சொல்லாதீர்கள்; ‘அட்மின்’ என்ற பாஸ்வேர்டோடு அது ஊருக்கே திறந்த கதவு. அதற்குப் பதில் விபிஎன் (வெளியார் நுழைய முடியாத பூட்டிய இணைப்பு) போட்டுத் தருகிறோம், அரை நாள் வேலை.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் பராமரிப்பாளர்கள்,
குன்னூர், கோத்தகிரி