மல்லிக்கு, திருவொற்றியூரிலிருந்து

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அக்காவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் நிம்மதி. உன் பெண்ணுக்குக் கிண்டியில் வேலை கிடைத்தது எனக்கு இரட்டைச் சந்தோஷம். அவளைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் நீ ஆடியில் பத்து நாள் இங்கே இருப்பாய் அல்லவா? கல்யாணம் ஆகிக் கோயம்புத்தூர் போனதிலிருந்து நீ வந்ததெல்லாம் ஒரு நாள், ஒன்றரை நாள். வந்த வேகத்தில் பஸ் ஏறிவிடுவாய்.

"நம்ம பக்கத்துல நல்ல சாப்பாட்டுக் கடையெல்லாம் எழுதி அனுப்பு, பெண் கேட்கிறாள்" என்று எழுதியிருந்தாய். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பாதிக் கடைக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. தேரடி ஆப்பம், மார்க்கெட் முனை சுண்டல், பீச் அத்தோ என்றுதானே நமக்குச் சொல்லிப் பழக்கம்? அதைவிட, எல்லாவற்றுக்கும் ஒரு வேளை இருக்கிறது. துறைமுகத்து ஷிப்டும், படகு கரைக்கு வருகிற நேரமும், கம்பெனிச் சங்கும் பழக்கி வைத்த ஊர் இது. வேளை தப்பிப் போனால் பாத்திரம் கழுவுவதைத்தான் பார்க்கலாம். அதனால் எந்த நேரத்துக்கு எங்கே போக வேண்டும் என்று எழுதுகிறேன். பெண்ணிடம் அப்படியே படித்துக் காட்டு.

காலையில் ஆயா கடை. பள்ளிக்கூடம் போகிற வழியில் நாம் இரண்டு பேரும் ஒரே ஆப்பத்தைப் பிய்த்துச் சாப்பிடுவோமே, அந்தத் திண்ணை. ஆயா போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது மருமகள் நடத்துகிறாள். அடுப்பு மட்டும் கேஸ் ஆகிவிட்டது; சட்டியைச் சுழற்றுகிற அந்தக் கை அப்படியே ஆயாவின் கை. ஓரம் முறுகலாக வலை மாதிரி ஒட்டிக்கொள்ளும், நடுவில் பஞ்சு. தேங்காய்ப்பாலா வடகறியா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் இரண்டையும் ஊற்றிவிடுவாள். எட்டரைக்கு மாவு தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஒரு மாவுப் பாத்திரம் கரைக்க ஆயாவும் சம்மதித்ததில்லை, இவளும் சம்மதிப்பதில்லை.

வெயில் ஏறினால் கூழ் வண்டி. கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க விட்டு, நொய் சேர்த்துக் கிண்டி, மறுநாள் மோர் விட்டுக் கரைத்த கூழ். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு, சின்ன வெங்காயம், கருவாடு. நீ வருகிற ஆடியில் கேட்கவே வேண்டாம். தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக் கீரையும் எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கும். தூக்கு எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற குழந்தைகளைப் பார்த்தால் நம்மைப் பார்த்த மாதிரி இருக்கும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே போக வேண்டும். இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளெல்லாம் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டு வருகிறதுதான் மீன், விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. நீ வருவதற்குள் எல்லாம் திறந்துவிடும். வஞ்சிரம், வஞ்சிரம் என்று எல்லாரும் அதையே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் சங்கராதான். முள்ளுக்குப் பக்கத்துச் சதையில் இருக்கிற ருசி வஞ்சிரத்தில் கிடையாது. நெத்திலியும் கொஞ்சம் வாங்கி, மாங்காய் போட்டு நான் குழம்பு வைக்கிறேன். அன்றைக்குச் சாப்பிட விடமாட்டேன். ராத்திரி முழுக்க மண்சட்டியில் ஊறி, மறுநாள் இட்லிக்கு ஊற்றிக்கொண்டால்தான் அது குழம்பு.

இறாலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கூடையில் ஆற்று இறால் கொண்டுவந்து நம் மார்க்கெட்டில் விற்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் ஆற்றில் பரவியது உனக்குத் தெரியும். வலையெல்லாம் கறுத்துப் போயிற்று, படகெல்லாம் பிசுக்கு. அதற்கப்புறம் பயத்தில் நானும் பல வாரம் அவரிடம் வாங்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கூப்பிடாமல் இருந்ததுதான் இன்னும் மனசை அறுக்கிறது. ஆற்றை அழுக்காக்கியது அவர் இல்லை. இப்போது வாரத்தில் ஒரு நாளாவது அவர் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து வாங்குகிறேன். நீயும் வந்தால் அவரிடம்தான் வாங்க வேண்டும்.

சாயங்காலம் அத்தோ, அந்தப் பர்மா நூடுல்ஸ். அண்ணன் பீச்சிலிருந்து வாங்கி வருவானே! பார்சல் வீடு வந்து சேர்வதற்குள் தட்டை நமுத்து, முட்டைகோஸ் தண்ணீர் விட்டிருக்கும். அத்தோ என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பெண் பிள்ளைகள் தெருவில் நின்று சாப்பிடுகிறதா என்று யாரும் நம்மைக் கூட்டிப் போகவில்லை. பாரிமுனையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுகூடப் பல வருஷம் அந்த வண்டிகளைப் பார்த்தபடி கடந்து போயிருக்கிறேன். நாற்பத்தியொரு வயதில், ஒரு சம்பள நாளன்று, அங்கே செகண்ட் லைன் பீச் தெருவில் தனியாகப் போய் நின்றேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் தட்டோடு நகர்ந்து இடம் விட்டார், அவ்வளவுதான். வேறு ஒன்றுமே நடக்கவில்லை.

கடைக்காரர் கலக்குவதைப் பார்க்க வேண்டும், மல்லி. ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு கை, முட்டைகோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், மிளகாய்த் தூள், உப்பு, புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய். எலுமிச்சையைப் பிழிந்து, தட்டையை நொறுக்கிப் போட்டு, விரல் நுனியாலேயே இரண்டு புரட்டு. கரண்டி கிடையாது. கூடவே ஒரு கிண்ணம் சூடான வாழைத்தண்டு சூப். அப்புறம் முட்டை மசாலா: அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயத்தைத் திணித்து, புளித்தண்ணீரும் பூண்டு எண்ணெயும் விட்டு நீட்டுவார். கடிக்கக் கூடாது, முழுசாக வாயில் போட வேண்டும். அந்தப் புளிப்பும் உறைப்பும் ஒன்றாக வெடிக்கிறபோது கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, கடை கண்ணிகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது, கையில் ஒன்றும் இல்லாமல் கப்பல் ஏறி வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. 1969இல் பர்மா பஜார் வந்தது. வியாசர்பாடியில் பர்மா காலனியே இருக்கிறது. சொத்தெல்லாம் அங்கே போயிற்று, கைப்பக்குவம் மட்டும் கூட வந்தது. இன்றைக்குத் திருவொற்றியூர், வண்ணாரப்பேட்டை எங்கே பார்த்தாலும் அத்தோ வண்டி. அதைச் சாப்பிட்டு வளர்கிற பிள்ளைகளுக்கு அது பர்மாச் சாப்பாடு என்றே தோன்றாது, நம்மூர்ச் சாப்பாடுதான்.

ராத்திரிக்குச் சவுகார்பேட்டை. என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் கடையில் நெய் ஊற்றிப் பொடி தூவிய குட்டி இட்லி, ஊத்தப்பம். தங்கசாலைத் தெருவில் முறுக்கு சாண்ட்விச், காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபியும் பாதாம் பாலும். உன் பெண் போட்டோ எடுத்தே ஒரு மணி நேரம் ஆக்கிவிடுவாள். இதெல்லாம் போனிலேயே தேடினால் கிடைக்கும் என்பதால் சுருக்கமாக விடுகிறேன்.

அலைச்சலுக்குப் பயப்படாதே. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. நம் வீட்டிலிருந்து பாரிமுனைப் பக்கம் மண்ணடிக்குப் போவது முன்பு மாதிரி பாதி நாள் வேலை இல்லை. கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பஸ்ஸில் வெந்துகொண்டிருந்தோமே, அது போயிற்று.

ஒரு நாள் சாயங்காலம் பட்டினத்தார் கோயிலுக்கும் போக வேண்டும். கசக்கிற பேய்க்கரும்பு பட்டினத்தாருக்கு இனித்த இடம் என்று உன் அம்மா நம்மைக் கூட்டிப் போய், கரும்புத் துண்டு வாங்கிக் கொடுத்து, "இனிக்குதா, இனிக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களே. நீ "இல்லை" என்று சொல்லி அழ வைத்தாய். இந்த முறை அம்மாவுக்காக இனிக்கிறது என்று சொல்லிவிடு.

எந்த ரயில், எந்தப் பெட்டி என்று டிக்கெட் எடுத்தவுடன் எழுது. ஆயா கடை மருமகளிடம் சொல்லி வைத்துவிட்டேன். வந்த மறுநாள் காலை ஆறரைக்கு நாம் அங்கே இருக்க வேண்டும். உனக்கு முறுகல் ஓரம் பிடிக்கும் என்று அவளே சொன்னாள். ஆயா சொல்லியிருக்கிறார்களாம்.

அன்புடன்,
கலா