பிரெஞ்சு ஊரில் இங்கிலீஷ் படித்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் ரொறன்ரோவில் இருந்து ஒரு தகப்பன் எழுதிய கடிதம் பார்த்தேன். மகள் மொன்றியலுக்குப் போய் ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம், பிரெஞ்சு ஊரில் போய் இங்கிலீஷ் படிக்கிறது பனையில் ஏறித் தேங்காய் தேடுகிற கதை என்று எழுதியிருந்தார். சிரிப்பு வந்தது, ஏனென்றால் அந்தப் பனையில் நான் ஏறியிருக்கிறேன்.

1999இல் பன்னிரண்டு வயதில் அம்மாவோடு மொன்றியலுக்கு வந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட இங்கிலீஷ், பிரெஞ்சு பூச்சியம். மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் 1977இல் வந்த 101ஆம் சட்டப்படி வெளியில் இருந்து வந்த எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும், அதனால் பிரெஞ்சு படித்தேன், கனவு கூட அதில் வரத் தொடங்கிவிட்டது. சீஜெப்புக்கு, அதாவது பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் படிக்கிற கல்லூரிக்கு, அந்தக் கட்டாயம் இல்லை, அங்கேதான் இங்கிலீஷ் பக்கம் தாவினேன், பிறகு மக்கில் பல்கலைக்கழகம்.

முதல் கட்டுரையை நான் பிரெஞ்சில்தான் எழுதிக் கொடுத்தேன்! நம்பமாட்டீர்கள், ஆனால் மக்கில் இங்கிலீஷ் பல்கலைக்கழகமாக இருந்தாலும், மொழியையே சொல்லிக்கொடுக்கிற பாடங்களைத் தவிர மற்றதுக்கெல்லாம் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க மாணவர்களுக்கு உரிமை உண்டு. ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பிரெஞ்சில் ஆறு பக்கம், ஓரத்தில் பேராசிரியரின் இங்கிலீஷ் குறிப்புகள். இரண்டாம் கட்டுரையில் இருந்து இங்கிலீஷில் எழுதினேன், நூலகம் என்று எழுத வேண்டிய இடத்தில் புத்தகக் கடையும் புத்தகக் கடை வரவேண்டிய இடத்தில் நூலகமும் வந்தன, இங்கிலீஷில் 'லைப்ரரி' என்றால் நூலகம், பிரெஞ்சில் 'லிப்ரேரி' என்றால் புத்தகக் கடை, சொற்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், பொருள்தான் வேறு.

சரி, இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஹம்லெட் நாடகத்தில் தாயும் மகனும் தாயின் அறையில் சண்டை பிடிக்கிற காட்சி. தாய் 'தௌ' என்று தொடங்குகிறாள், அதாவது நீ உன் தகப்பனை நோகப் பண்ணிவிட்டாய் என்கிறாள். மகன் அதே வசனத்தை 'யூ' போட்டுத் திருப்பி எறிகிறான், நீங்கள்தான் என் தகப்பனை நோகப் பண்ணினீர்கள் என்று. உடனே அடுத்த வரியிலேயே தாயும் 'யூ'வுக்கு மாறிவிடுகிறாள். இங்கிலீஷ் மட்டும் தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் இதைக் கவனிக்கவே இல்லை, அவர்களுக்கு 'தௌ' என்றால் ஏதோ பழைய கோவில் இங்கிலீஷ். பிரெஞ்சில் நீ என்பதற்கு 'தூ', நீங்கள் என்பதற்கு 'வூ' என்று பார்த்துப் பார்த்துப் பேசி வளர்ந்த எங்களில் மூன்று நான்கு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தோம். எனக்கு இன்னும் சுகம், எங்கள் ஊரில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறதே. அம்மாவோடு கோபம் வந்தால் நானும் 'நீங்கள்' என்றுதான் சொல்லுவேன், அது எப்போது மரியாதை, எப்போது குத்தல் என்று அம்மாவுக்குத் தெரியும்.

இன்னொன்று. 1945இல் ஒரே மொன்றியலைப் பற்றி இரண்டு நாவல்கள் வந்தன, ஹ்யூ மக்லெனன் இங்கிலீஷில் எழுதியது ஒன்று, கப்ரியேல் ருவா பிரெஞ்சில் எழுதியது மற்றது. (இருவரும் மொன்றியல்காரர் இல்லை, அவர் நோவா ஸ்கோஷியா, இவர் மனிற்றோபா. வந்தேறிகள்தான் இந்த ஊரை எழுதினார்கள், எனக்கு அது பிடிக்கும்.) ருவாவின் நாவல் 1947இல் இங்கிலீஷில் வந்தபோது மொழிபெயர்த்தவர் அமெரிக்கர். கியூபெக் பிரெஞ்சில் 'பூத்ரெரி' என்றால் காற்று அள்ளி எறிகிற பொடிப்பனி. அவர் அகராதிப்படி வெடிமருந்துத் தொழிற்சாலை என்று எடுத்துக்கொண்டார், ஆக பனிக்காற்று வீசவேண்டிய இடத்தில் இங்கிலீஷில் ஒரு தொழிற்சாலை வெடிக்கிறது! ஜனவரியில் பஸ் தரிப்பிடத்தில் அந்தப் பனியில் நின்ற எவருக்கும் இந்தப் பிழை வராது. இங்கிலீஷை இன்னொரு மொழியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற இந்த வசதி ரொறன்ரோவில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது என்பது என் எண்ணம்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. கடையில் பாதி வசனம் ஒரு மொழி, பாதி வசனம் மற்றது, மூன்று வருடத்தில் நாக்கு குழம்பிவிடும். வேலை விஷயத்தில் பிரெஞ்சு வராமல் இங்கே தங்கினால் கஷ்டம்தான். எனக்கு இரண்டும் வந்ததால் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது, இலக்கியம் படித்ததற்கு அது மோசமில்லை.

அந்தத் தகப்பனார் கவலைப்பட வேண்டியது மொழியைப் பற்றி இல்லை, காசைப் பற்றி. வேறு மாகாணத்தில் இருந்து வந்து இங்கிலீஷ் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு வருடக் கட்டணத்தைச் சுமார் 9,000 டொலரில் இருந்து 12,000 டொலராக உயர்த்துவதாகக் கியூபெக் அரசு 2023இல் அறிவித்து அடுத்த வருடமே நடைமுறைக்குக் கொண்டுவந்தது, 2025 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த உயர்வு செல்லாது என்றது. விண்ணப்பம் போடுவதற்கு முதல் இப்போது எவ்வளவு என்று பல்கலைக்கழகத்துக்கே போன் பண்ணிக் கேளுங்கள் ஐயா. பிள்ளையிடம் கனமான குளிர்ச் சட்டையும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மொன்றியல் வாசகி