அட்டையில் மட்டும் பேய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ‘நூல் வரவு’ பகுதியைப் பார்த்தேன். மொத்தம் ஒன்பது புத்தகங்கள். ஒரு நாவலுக்கு அரைப் பக்கம், ஒரு கட்டுரைத் தொகுப்புக்குக் கால் பக்கம். அடியில் பெட்டி கட்டி, சிறார் நூல்கள் நான்கும் உடல்நல நூல்கள் மூன்றும் போட்டிருந்தீர்கள். தலைப்பு, பக்கம், விலை, அப்புறம் ‘பெற்றோர் பிள்ளைகளுக்கு வாங்கித் தர வேண்டிய நூல்’, ‘ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய கையேடு’ என்று ஆளுக்கொரு வரி. ஏழில் ஒன்றையாவது யாரும் பிரித்துப் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

நான் தென்காசி மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில் இருபத்தாறு வருடம் இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றவள். அரைப் பக்கம் வாங்குகிற நாவலை எங்கள் ஊரில் வருடத்துக்கு மூன்று பேர் எடுத்தால் அதிகம். அதில் ஒருத்தி நான். பெட்டிக்குள் அடைபட்ட ஏழு இருக்கிறதே, அந்த வகைதான் வீட்டுக்குப் போகும், கிழியும், ரசக் கறையோடு திரும்பி வரும். கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதித் தாள் நிரம்பி, அதன்மேல் இன்னொன்று ஒட்ட வேண்டிவரும். இத்தனை பேர் எடுக்கிற புத்தகத்தைப் பற்றி எடுத்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சிறுவர் அலமாரிப் பக்கம் ஒரு நாற்பது பக்க நோட்டைச் சணலில் கட்டித் தொங்கவிட்டேன். கூடவே ஒரு பென்சில். ‘படித்த புத்தகம் பிடித்ததா? ஏன்?’ என்று முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன். இரண்டு மாதம் ஓடியது. எல்லாம் ‘மிக அருமை’, ‘நல்ல கருத்துள்ள கதை’, ‘அனைவரும் படிக்க வேண்டும்’. கீழே பெயர், வகுப்பு, பிரிவு. பரீட்சைத் தாளில் எழுதுகிற கை அது. (உங்கள் நூல் வரவுக்காரரும் அந்தப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவரோ என்னவோ.) ஒருநாள் ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். அதோடு நோட்டின் குரலே மாறிப்போயிற்று.

“பேயே வரலை. அட்டையில மட்டும் இருக்கு.”

“எல்லாக் கதையிலயும் சிங்கம் ஏமாந்துக்கிட்டே இருக்கு. பாவம்.”

“எழுத்து எறும்பு மாதிரி இருக்கு.”

ஒரு படக்கதையில் கடைசித் தாள் காணாமல் போயிருந்தது. நோட்டில் ஒரு பிள்ளை, “முயல் கடைசில என்னாச்சு?” என்று கேட்டிருந்தது. அதன் கீழே இன்னொரு கை: “தப்பிச்சிட்டு.” அதற்கும் கீழே மூன்றாவது கை, பேனாவில்: “பொய். செத்துப்போச்சு. கிழியதுக்கு முன்னாடியே நான் படிச்சிட்டேன்.” மறுநாள் முதல் கை திரும்ப வந்து, “அப்போ கிழிச்சது நீதானா?” என்று எழுதிவிட்டுப் போயிருந்தது. இருபத்தாறு வருடத்தில் இதைவிட நல்ல இலக்கிய விவாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் நடந்ததில்லை.

கதை முடிந்ததும் ‘இக்கதை உணர்த்தும் நீதி’ என்று கட்டம் போட்டிருப்பார்களே, அதை எந்தப் பிள்ளையும் படிப்பதில்லை. சத்தம் போட்டுப் படிக்கிற பிள்ளைகள்கூட அந்தக் கட்டம் வந்தால் மூச்சு விடாமல் பக்கத்தைப் புரட்டிவிடும். வயது போடாமல் வருவது இன்னொரு தொல்லை. அட்டையில் ‘6 முதல் 60 வரை’ என்று இருக்கும், உள்ளே ‘அங்ஙனம்’, ‘யாதொரு’ என்று நடை ஓடும். பள்ளிக் கல்வித் துறை 2023இல் வாசிப்பு இயக்கம் என்று தொடங்கி, சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போட்டு, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரு பையன் அதில் ‘நுழை’ ஒன்றைப் பள்ளியிலிருந்து எடுத்துவந்து, என் மேசை முன்னால் நின்றே முழுசாக வாசித்துக் காட்டினான். முடித்ததும் அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சைக்கிள் ஓட்டப் பழகியவன் பார்வை.

ஒரு புத்தகத்துக்கு மட்டும் நோட்டில் எந்தக் கருத்தும் வரவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள், வாரம் மூன்று புத்தகம் எடுப்பவள். நல்ல உணவுப் பழக்கத்தைக் கதையாகச் சொல்லும் படப்புத்தகம் ஒன்றைக் காலையில் எடுத்துப் போனவள் சாயங்காலமே கொண்டுவந்து, மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

“என்னம்மா, அதுக்குள்ள படிச்சிட்டியா?”

“வேண்டாம் டீச்சர்.”

அவ்வளவுதான் சொன்னாள். பூட்டுவதற்கு முன் எடுத்துப் பார்த்தேன். ஒரு குண்டுப் பையன் பலகார டப்பாவைக் காலி செய்கிறான். ஊஞ்சலில் மாட்டிக்கொள்கிறான். தெருவே சிரிக்கிறது. பிறகு கீரை தின்கிறான், இரண்டே பக்கத்தில் ஒல்லியாகிவிடுகிறான், எல்லோரும் அவனோடு விளையாட வருகிறார்கள். படம் வரைந்தவர் அந்தச் சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாக, பல் தெரிய, ரசித்து வரைந்திருக்கிறார். கீரை நல்லதுதான். அதைச் சொல்ல ஒரு பிள்ளையைத் தெரு சிரிக்க நிறுத்த வேண்டுமா? இந்தப் புத்தகத்துக்கும் ஏதோ ஒரு பத்திரிகையில் ‘நற்பழக்கங்களைச் சுவைபடச் சொல்லும் நூல்’ என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் பெருமையாகப் பின்னட்டையில் போட்டிருந்தார்கள்.

உடல்நல நூல்களுக்கு நான் நோட்டு எதுவும் கட்டவில்லை. அதற்கு அவசியமே இல்லாமல் ஓரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். ‘நூல்களில் எழுதாதீர்’ என்று பலகை மாட்டியவளும் நான்தான். அந்த ஓர எழுத்துகளை மட்டும் அழிக்காமல் விட்டவளும் நான்தான். ஒரு கையேட்டில் ‘48 நாளில் சர்க்கரை நோய்க்கு முற்றுப்புள்ளி’ என்று ஓர் அத்தியாயம். பக்கத்தில் நீல மையில், “மூணு மாசம் குடித்தேன். 240 அப்படியே இருக்கு.” அதன் கீழே வேறு கை: “மாத்திரையை நிறுத்தினீங்களா?” பழைய கை, கொஞ்சம் கோணலாக: “ஆமா. நிறுத்தச் சொல்லி 31ஆம் பக்கத்தில் இருக்கு.” 31ஆம் பக்கத்தைப் புரட்டினேன். இருந்தது.

பிள்ளை வளர்ப்புக் கையேடு ஒன்றில், பிறந்த குழந்தைக்குத் தேனைத் தொட்டு நாக்கில் வைக்கச் சொல்லியிருந்தது. எங்கள் பக்கம் இதைச் சேனை வைப்பது என்பார்கள், பழைய வழக்கம். வேண்டாம் என்று மருமகள் சொன்னால், “புத்தகத்துலயே போட்டிருக்கான் பாரு” என்று ஆச்சிமார் அந்தப் பக்கத்தைக் காட்டுவார்கள். எங்கள் நூலகத்தில் உறுப்பினரான கிராம சுகாதார நர்சம்மா ஒருநாள் என் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, தாள் பள்ளம் விழ அழுத்தி எழுதினார்: “ஒரு வயசு வரை தேன் கூடாது. ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணிகூட வேண்டாம்.” தேனில் சில சமயம் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்குமாம். நம்மை ஒன்றும் செய்யாது. பச்சைப் பிள்ளையின் குடலுக்குள் போனால் முளைத்து விஷமாகி, தசையெல்லாம் தளர்ந்து, மூச்சுவரைக்கும் போய்விடும் என்றார். இந்த ஒரு பென்சில் வரிதான் அந்தப் புத்தகத்திலேயே உருப்படியானது.

‘இந்துப்பை அளவு பார்க்காமல் சேர்க்கலாம்’ என்ற வரிக்கு நேரே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், “இதுவும் சோடியம்தானே ஐயா? இப்படிக்கு, ஒரு பி.பி. ஆசாமி” என்று எழுதியிருக்கிறார். எந்த உப்பானாலும் நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அவர்தான் எனக்குச் சொன்னார். அன்றிலிருந்து என் வீட்டு ஊறுகாய் ஜாடி மேல்தட்டுக்குப் போய்விட்டது.

தவறாக எழுதுவது ஒரு வகை. யாருக்கு எழுதுகிறோம் என்றே தெரியாமல் எழுதுவது இன்னொரு வகை. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடித் தட்டு உண்டு. சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு, இலையும் தூளும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது சில பெண்கள் நூலகத்துக்குள் வருவார்கள். கேட்பது கழுத்துவலிக்கும் இடுப்புவலிக்கும் புத்தகம். ஒரு கையேட்டை எடுத்துக் கொடுத்தேன். ‘அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்து நடக்கவும்’ என்று இருந்தது. அந்த அம்மாள் வாசித்துவிட்டுச் சிரித்தாள். “யக்கா, முதல்ல ஒக்கார நாற்காலியக் குடுக்கச் சொல்லுங்க. பெறவு எந்திரிக்கேன்.” சாப்பாட்டுப் பகுதியும் அப்படித்தான். காலை ஓட்ஸ், பதினோரு மணிக்கு கிரீன் டீ, ராத்திரி ஆலிவ் எண்ணெயில் வதக்கிய புரோக்கோலி. எங்கள் சந்தையில் சீனியவரைக்காயும் சுண்டைக்காயும் முருங்கைக்கீரையும் குவிந்து கிடக்கின்றன. அவற்றுக்கு அந்த 160 பக்கத்தில் ஒரு பத்தி கிடையாது.

நல்ல புத்தகமே இல்லை என்று சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டை எப்படி வாசிப்பது என்று ஒரு டாக்டர் பெரிய எழுத்தில் எழுதிய மெலிந்த புத்தகம் ஒன்று உண்டு. தேதித் தாளை மூன்று முறை மாற்றினேன். அதற்கு நான் பார்த்த பத்திரிகை எதிலும் ஒரு வரிகூட வரவில்லை.

இன்னொன்று. சில கையேடுகளின் கடைசிப் பக்கத்தில் லேகிய விளம்பரமும் கைபேசி எண்ணும் இருக்கும். முன்னால் வரும் 150 பக்கமும் அந்தக் கடைசிப் பக்கத்துக்குக் கூட்டிப்போகிற பாதைதான். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், சர்க்கரை நோய் உட்பட ஒரு பட்டியலைப் போட்டு, இவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. நேர்மையான அறிவியல் நோக்கோடு எழுதிய நூல்களுக்கு அதில் விலக்கு உண்டு. லேகியப் பக்கம் அந்த விலக்குக்குள் வருமா என்று எனக்கு வந்த சந்தேகம் நூல் வரவு எழுதுகிறவருக்கு ஏன் வரவில்லை?

எங்கள் ஊர் ஜனங்கள் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் கட்டுகிறார்கள். 1948இல் வந்த சட்டம் இது. கட்டு கட்டாக வரும் புத்தகங்களில் எது வரும் என்று முடிவு செய்வது அவர்கள் இல்லை, நானும் இல்லை. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்குத் தனி விருது தருகிறது, நல்லது. அதற்கும் நடுவர்கள் பெரியவர்களே. படிப்பவர் வாய் திறக்க மிச்சம் இருப்பது பத்திரிகைதான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அந்தப் பெட்டியில் மாதம் ஒரு சிறார் நூலையாவது ஒரு பிள்ளையிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள். ‘மிக அருமை’ என்று எழுதினால் திருப்பி அனுப்புங்கள். உடல்நல நூலை ஒரு டாக்டரிடமோ உணவியல் தெரிந்தவரிடமோ கொடுங்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட 17 வழிகாட்டுதல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் பார்க்கட்டும். கூடவே, அந்தப் புத்தகம் சொன்னபடி ஒரு மாதம் சமைத்துப் பார்த்தவர் ஒருவருக்கும் நான்கு வரி ஒதுக்குங்கள். ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பீடி சுற்றுகிற அந்த அம்மாளிடம் கேட்டால் இரண்டே வரியில் முடித்துவிடுவாள்.

பிள்ளைக்கு நீங்கள் தேடவும் வேண்டாம். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாளே, அவள் இப்போது எட்டாம் வகுப்பு. போன வாரம் கடைத்தெருவில் பார்த்தபோது கேட்டேன். எழுதுகிறேன் என்றாள். இரண்டு நிபந்தனையாம். பெயர் போடக் கூடாது. புத்தகத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
தென்காசி மாவட்டம்.

(என் பெயரும் வேண்டாம்.)